அழிக்கப்பட்ட ஒரு பதிவிலிருந்து: கணித ஆசிரியர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தும் ஆசிரியர்களுக்காக வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறது. 2021 முதல் 2023 வரை அங்கே நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குழுவின் மூன்று அட்மின்களில் நானும் ஒருத்தி. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இதைப் படித்துச் சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறேன். யார், எந்தப் பள்ளி என்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாங்கள் சரியாகச் செய்தவை சில உண்டு. ஆனால் தவறவிட்ட இடங்களில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம் என்பதால் அவற்றைக் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

ஆசிரியர் வேலையைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது: நாள் முழுக்க நாற்பது பேர் நடுவில் நிற்கிறோம், ஆனால் நம் வேலையை இன்னொரு பெரியவர் பார்ப்பதே இல்லை. 1975-லேயே டேன் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டையோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனிக் குழிக்குள். அடுத்த வகுப்பறையில் இருப்பவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான், இருந்தாலும் அவர் பின்னங்களை எப்படித் தொடங்குகிறார் என்று நமக்குத் தெரியாது. சின்னப் பள்ளியாக இருந்தால் கணிதத்துக்கு ஒரே ஒருவர்தான் இருப்பார். அவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் கிடையாது.

2018-ல் ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர் இந்தக் குழுவைத் தொடங்கினோம். முதல் இரண்டு வருடம் அமைதியாகப் போனது. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டன. யுனெஸ்கோவின் கணக்குப்படி அப்போது உலகம் முழுவதும் 160 கோடிக்கு அருகில் மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அத்தனை மாணவர்களுக்கும் பின்னால், திரையைப் பார்த்து எப்படிப் பாடம் நடத்துவது என்று தெரியாமல் விழித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். எங்கள் குழுவுக்கு நண்பரின் நண்பர், அவருக்குத் தெரிந்தவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாட்ஸாப் குழுவில் அன்றைக்கு 256 பேருக்கு மேல் சேர முடியாது. சில மாதங்களிலேயே அந்த எண்ணைத் தொட்டுவிட்டோம்.

இடம் வேண்டுமே என்று, ஆறு மாதமாக ஒரு வார்த்தைகூட எழுதாதவர்களை நீக்க முடிவு செய்தோம். நான்தான் பட்டியல் தயாரித்தேன். ஏறக்குறைய நாற்பது பேரை நீக்கினோம். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 'பேசாதவர்களுக்கு இங்கே பயன் இல்லை' என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது பின்னால் தெரிந்தது.

குழுவில் கண்டது

2021-ன் நடுவில் சக அட்மின் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பேர் இருக்கோம், தினமும் போன் அதிருது. ஆனா இதனால நம்ம வகுப்புல ஏதாவது மாறியிருக்கா டீச்சர்?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாரத்துச் செய்திகளை மூவரும் பிரித்துக்கொண்டு கையால் எண்ணினோம். 400-ஐத் தாண்டியது. வாழ்த்துகளும் நன்றிகளும் ஒரு பெரும் பங்கு. சுற்றறிக்கைகளின் ஃபார்வர்டுகள், அதே சுற்றறிக்கை இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மீதியில் பெரும்பாலானவை பிடிஎஃப் கோப்புகள்: பயிற்சித்தாள், வினாத்தாள், பாடக்குறிப்பு. வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லி 'இதை என்ன செய்யலாம்' என்று கேட்ட செய்திகள் ஏழே ஏழு. அந்த ஏழில் நான்கு கேள்விகளுக்குப் பதிலாகக் கோப்புதான் வந்திருந்தது.

கோப்புகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஒரு வினாத்தாள் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தை ஜூடித் வாரன் லிட்டில் என்ற ஆய்வாளர் 1990-ல் நான்காகப் பிரித்துக் காட்டினார்: அனுபவக் கதைகளைப் பேசிக்கொள்வது, கேட்டால் உதவுவது, பொருள்களைப் பகிர்ந்துகொள்வது, ஒரே வேலையைச் சேர்ந்து செய்வது. முதல் மூன்றிலும் அவரவர் வகுப்பறைக் கதவு மூடியபடியே இருக்கும். நான்காவதில்தான் ஒருவர் எடுக்கும் முடிவுக்குள் இன்னொருவர் வந்து நிற்கிறார். அப்படிப் பார்த்தால் எங்கள் குழு மூன்றாவது படியில், மிகுந்த சுறுசுறுப்போடு, நகராமல் நின்றது.

அழிக்கப்பட்ட பதிவு

எண்ணி முடித்த சில வாரங்களில், பணிக்கு வந்து இரண்டு வருடமே ஆன ஓர் ஆசிரியை இரவு எட்டு மணிக்கு இப்படி எழுதினார்: "ஆறாம் வகுப்புக்குத் தசம எண் மூணு நாள் நடத்தினேன். இன்னைக்கு 0.45, 0.6 இதுல எது பெரிசுன்னு கேட்டேன். பாதிக்கு மேல 0.45-ன்னு எழுதியிருக்காங்க. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

அடுத்த அரை மணி நேரத்தில் தசம எண்களுக்கான பயிற்சித்தாள்கள் ஒன்பது வந்து விழுந்தன. எல்லாம் நல்ல மனதோடு அனுப்பப்பட்டவைதான். அப்புறம் குழுவில் எல்லோரும் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "இடமதிப்பை ஒழுங்கா நடத்தியிருந்தா இந்தக் கேள்வியே வராது. அடிப்படையை முதல்ல பாருங்க." அதற்கு ஆறேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஒன்பது மணிக்கு அந்தப் பதிவு காணாமல் போயிருந்தது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஒருவரிடமிருந்து எனக்குத் தனிச்செய்தி வந்தது. மூன்று வருடமாகக் குழுவில் ஒரு வரிகூட எழுதாதவர். 2020-ல் நான் போட்ட நீக்கல் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இன்னோர் அட்மினுக்கு அவரை நேரில் தெரியும் என்பதால் மட்டுமே தப்பினார். அவர் எழுதியது: "நேத்து அந்த டீச்சர் போட்டதைப் பாத்தேன். என் வகுப்பிலும் இதேதான். பிள்ளைங்க ஏன் அப்படி எழுதினாங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே மேடம்?"

இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான். ஒன்பது கோப்புகள், ஒரு கண்டிப்பு, ஆறேழு கட்டைவிரல். எதிலும் மாணவர் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பதிவை அழித்த ஆசிரியைக்குப் போன் செய்தோம். மூத்தவர் சொன்னது வலித்தது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அழித்ததற்குக் காரணம் வேறு. அவருடைய தலைமை ஆசிரியரும் அதே குழுவில் இருக்கிறார். மூத்தவர் 'ஒழுங்கா நடத்தல' என்று எழுதியது அவர் கண்ணில் படுமே என்ற பயம். பயிற்சி வகுப்பு ஒன்பது பேரோடு தொடங்கிய குழு 256 ஆனபோது, யார் யாரை மதிப்பிடுகிறவர் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. தன் வேலையை மதிப்பிடுகிறவர் முன்னால் 'எனக்குத் தெரியவில்லை' என்று யார் சொல்வார்கள்? எங்கள் ஏழு கேள்விகளும் ஏன் ஏழாகவே இருந்தன என்பது அன்றைக்குப் புரிந்தது.

மூன்று வழிகளைப் பேசினோம். விதிகளைக் கடுமையாக்கலாம், வாழ்த்துக்கும் ஃபார்வர்டுக்கும் தடை போடலாம். முன்பே முயன்றிருந்தோம், இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது. அடுத்தது, தலைமை ஆசிரியர்களைக் குழுவிலிருந்து நீக்குவது. இதற்கு நான் ஆதரவாகத்தான் இருந்தேன். ஆனால் ஒரு தலைமை ஆசிரியர், "நாங்களும் இன்னும் வகுப்பு எடுக்கிறவங்கதானே, நாங்க எங்க போய்க் கேக்கிறது?" என்று வருத்தப்பட்டார். நியாயமான கேள்வி. மூன்றாவது வழி, பெரிய குழுவை அப்படியே விட்டுவிட்டு அதன் பக்கத்தில் சின்ன வட்டங்கள் தொடங்குவது.

மூன்றாவதை எடுத்தோம். ஒரு வட்டத்துக்கு அதிகம் போனால் 12 பேர். ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவர் ஒரு வட்டத்தில் கூடாது. ஒருவரை மதிப்பிடுகிறவரும் மதிப்பிடப்படுகிறவரும் ஒரு வட்டத்தில் இருக்கவே கூடாது. தலைமை ஆசிரியர்கள் வரலாம், தங்களுக்குக் கீழே வேலை செய்பவர் இல்லாத வட்டத்துக்கு.

வட்டத்துக்குள் நடைமுறையை முடிந்தவரை எளிதாக வைத்தோம். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. அவர் தன் மாணவர்களின் விடைகளில் ஆறு முதல் எட்டு வரை பகிர வேண்டும். முதல் நாள் மற்றவர்கள் 'இந்த விடையில் நான் என்ன பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லலாம். அறிவுரைக்கு அன்று இடமில்லை, கோப்புக்கும் இல்லை. இரண்டாம் நாள், அந்த மாணவர் எப்படி யோசித்திருப்பார் என்ற ஊகங்கள். மூன்றாம் நாள்தான் 'இப்படிச் செய்து பார்க்கலாமா'. அடுத்த வாரம், செய்து பார்த்தவர் என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் யோசித்தோம். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஆன்லைனில் வர வேண்டும் என்று வைத்தால், அந்த நேரத்தில் வீட்டு வேலையும் குழந்தைகளின் வீட்டுப்பாடமும் யார் தலையில் இருக்கிறதோ அவர்கள் வரமாட்டார்கள். ஆகவே குறித்த நேரம் கிடையாது, அன்றைய நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் வாய்ஸ் நோட் அனுப்பலாம், இரண்டு நிமிடத்துக்குள். இது சின்ன விஷயமாகத்தான் தோன்றியது. ஆனால் இரண்டு வரி எழுதுவதற்கே தயங்கியவர்கள் வாய்ஸ் நோட்டில் தங்கள் வகுப்பைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் பேசினார்கள்.

முதல் வட்டம்: 0.45-ம் 0.6-ம்

பதிவை அழித்த ஆசிரியையே முதல் முறையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். தனிச்செய்தி அனுப்பியவரும் அந்த வட்டத்தில் இருந்தார். அவருடைய கேள்வியைத்தான் மறுநாள் வகுப்பில் ஆசிரியை கேட்டார்: "ஏன் அப்படி எழுதின?"

பதில்களை அவர் வட்டத்தில் வைத்தபோது எங்களுக்குப் புதிதாக இருந்தது. 0.45 என்று எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரணம் சொன்னார்கள்: "45 பெரிசு, 6 சின்னது." புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிக்கிறார்கள். இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, 0.6 என்று சரியாக எழுதிய ஒரு பெண் சொன்னது: "0.6-ல புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர்தான் இருக்கு. அதனால அதுதான் பெரிசு."

சரியான விடை, தவறான யோசனை. 'பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சின்னது' என்று அவள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து, நூறில் ஒன்றுகள் வரை நீளும் எண் எதுவாக இருந்தாலும் சின்னது என்று முடிவு கட்டிவிட்டாள். இன்னொரு மாணவன் 0.45-ஐ 45-ல் ஒரு பங்கு போலவும் 0.6-ஐ ஆறில் ஒரு பங்கு போலவும் நினைத்து அதே இடத்துக்கு வந்திருந்தான். மதிப்பெண் பட்டியலில் இவர்கள் இருவரும் 'புரிந்தவர்கள்'.

இங்கேதான் வட்டம் உண்மையில் வேலை செய்யத் தொடங்கியது. ஒருவர் சொன்னார், 0.3-ம் 0.45-ம் கொடுத்தால் நிலைமை தலைகீழாகும். 'நீளமானது பெரியது' என்று நினைப்பவர்கள் 0.45 என்று எழுதிச் சரி வாங்கிவிடுவார்கள்; 'குட்டையானது பெரியது' என்பவர்கள் தவறு செய்வார்கள். ஆக, ஒரே ஒரு கேள்வி போதாது. இரண்டு ஜோடிகளையும் கொடுக்க வேண்டும், கூடவே 0.5, 0.50 என்ற மூன்றாவது ஜோடியும். இந்த மூன்றுக்குமான விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாணவர் எந்த வழியில் யோசிக்கிறார் என்று கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் பயன்படுத்தும் பயிற்சிக் கணக்குகளைத் திறந்து பார்த்தோம். ஒப்பிடும் கணக்குகளில் பெரும்பாலும் இரண்டு எண்களுக்கும் புள்ளிக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் இருந்தன: 0.37, 0.52 என்பதுபோல. அப்படி இருந்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி முழு எண்ணாகப் படிப்பவரும் சரியான விடையைத்தான் எழுதுவார். பணத்தை உதாரணமாகக் காட்டி நடத்தினாலும் இதே சிக்கல். எப்போதும் இரண்டு இலக்கம் வந்துவிடும். நீளம் சமமில்லாத இடத்தில் 'ஒரு பூச்சியம் சேர்த்துக்கோ, 0.6-ஐ 0.60 ஆக்கு' என்று நாங்கள் எல்லோருமே சொல்லிக்கொடுத்த குறுக்குவழியும் அப்படியே. 60 பெரிசு, 45 சின்னது என்று மாணவர் சரியாக எழுதிவிடுவார், முழு எண்ணாகப் படிக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். அந்த ஒன்பது பயிற்சித்தாள்களையும் தேடி எடுத்துப் பார்த்தோம். ஒன்றில்கூட நீளம் சமமில்லாத ஜோடி இல்லை.

இரண்டாம் நாள் ஒரு வாய்ஸ் நோட்டில் ஓர் ஆசிரியர் கேட்டதை மறக்க முடியாது: "நாம எப்படிப் படிக்கிறோம்? 'புள்ளி நாற்பத்தைந்து'ன்னுதானே சொல்றோம்? அப்புறம் பிள்ளைங்க அதை நாற்பத்தைந்துன்னு நினைக்காம வேற என்ன நினைப்பாங்க?" பன்னிரண்டு பேரில் நான் உட்பட எட்டுப் பேர் வகுப்பில் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தோம். 'புள்ளி நான்கு ஐந்து' என்றும், தொடக்கத்தில் 'பத்தில் நான்கு, நூறில் ஐந்து' என்றும் படிக்க முயல்வோம் என்று பேசிக்கொண்டோம். பல வருடப் பழக்கம், நாக்கு சட்டென்று திரும்பாது. எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும் இந்த இரண்டு யோசனைப் போக்குகளையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்று சில வாரம் கழித்து ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் முதலில் அதைப் படித்திருந்தால் இன்னொரு கோப்பாகச் சேமித்து வைத்திருப்போம் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண் சொன்ன ஒரு வரியைக் கேட்ட பிறகு படித்ததால்தான் அது ஒட்டியது.

'இடமதிப்பை மறுபடி நடத்து' என்ற அறிவுரையையும் இப்போது வேறு விதமாகப் பார்க்க முடிந்தது. குட்டையானது பெரியது என்று நினைக்கும் மாணவர்கள் இடமதிப்பைக் கவனிக்காதவர்கள் இல்லை. அதில் பாதியைப் பிடித்துக்கொண்டவர்கள். அதையே அதே மாதிரி மறுபடி நடத்தினால் அந்தப் பாதி இன்னும் இறுகும். எண்கோட்டில் 0.3, 0.45, 0.6 ஆகியவற்றை வைக்கச் சொல்வது, பத்தாகப் பிரித்த பட்டையில் ஒரு துண்டை மறுபடி பத்தாகப் பிரிக்கச் சொல்வது என்று இரண்டு வழிகளை ஆசிரியை செய்து பார்த்தார். எண்கோட்டில் சிலர் 0.45-ஐ ஒன்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அதையும் வட்டத்தில் வந்து சொன்னார். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

படம் வெளியே போனது

இரண்டாவது மாதத்தில், வேறொரு வட்டத்தில், ஓர் ஆசிரியர் விடைத்தாளைப் படமெடுத்துப் போட்டார். மேல் ஓரத்தில் மாணவனின் பெயரும் வாங்கிய மதிப்பெண்ணும் தெரிந்தன. பெயரை மறைக்க வேண்டும் என்பது எங்கள் விதிதான், ஆனால் அவசரத்தில் விட்டுப்போனது, நாங்களும் கவனிக்கவில்லை. யாரோ ஒருவர் 'நல்ல உதாரணம்' என்று அதை வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்தார். நான்கு நாளில் அது சுற்றி அந்த மாணவனின் அம்மாவின் போனுக்கே வந்துவிட்டது.

எங்கள் வட்டத்தில் இருந்த எல்லோரும் அவரவர் போனிலிருந்து படத்தை அழித்தோம். ஆனால் வெளியே போன பிரதிகளை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆசிரியர் அன்றே அந்த அம்மாவை நேரில் பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மாணவனிடமும் தனியாகக் கேட்டார். அந்த அம்மா கோபப்பட்டார், கோபப்பட எல்லா உரிமையும் அவருக்கு இருந்தது. "நீங்க கத்துக்கிறதுக்கு என் பையன் பேரு எதுக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஒரு வாரம் எல்லா வட்டங்களையும் நிறுத்திவைத்துப் பேசினோம். 'பெயரை மறையுங்கள்' என்ற விதி, மறந்தால் உடைந்துவிடும் விதி. கையெழுத்தை வைத்தே ஒரு சின்னப் பள்ளியில் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட முடியும். ஆகவே இனிமேல் விடைத்தாளின் படமே கூடாது என்று முடிவு செய்தோம். மாணவர் எழுதியதை ஆசிரியர் தன் கையால் ஒரு தாளில் படியெடுத்து, அதைத்தான் பகிர வேண்டும். வட்டத்தில் வருவது எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்பதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொன்னார்கள்.

இந்த முடிவிலிருந்து நாங்கள் நினைக்காத ஒரு நன்மையும் வந்தது. படமெடுக்க ஒரு நொடி போதும். படியெடுக்கும்போது மாணவரின் ஒவ்வொரு படியையும் நம் கை திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் பாதை மாறியது என்பது எழுதிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. "காப்பி பண்ணும்போதே எனக்கு விடை கிடைச்சிருச்சு, இந்த வாரம் கேக்க ஒண்ணுமில்ல" என்று ஒருவர் சொன்னதும் உண்டு. ஆனால் அந்த நன்மையைக் காட்டி, அந்தப் பையனுக்கு நடந்ததைச் சின்னதாக்க எனக்கு மனமில்லை.

பிறகு வந்த மாதங்கள்

மூன்று வட்டங்கள் தொடங்கினோம். இரண்டு, 2023 வரை தொடர்ந்தன. ஒன்று ஐந்தாவது மாதத்தில் நின்றுபோனது. அதை நடத்திக்கொண்டிருந்தவர் இடமாற்றம் ஆனார். யாருடைய முறை என்று நினைவுபடுத்த ஆள் இல்லை, இரண்டு வாரம் காலியாகப் போனது, மூன்றாம் வாரம் ஒருவர் புத்தாண்டு வாழ்த்து போட்டார், அதோடு சரி. சண்டையும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. ஒருவர் தலையில் மட்டும் நின்றிருந்தது, அவர் போனதும் விழுந்தது.

மதிப்பெண் கூடியதா என்று பலர் கேட்கிறார்கள். சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கும்படி நாங்கள் எதையும் ஏற்பாடு செய்யவில்லை, மாணவர்களும் வேறு வேறு. மாறியது என்று என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஆசிரியர்கள் கேட்கும் கேள்விதான். முதல் வாரங்களில் 'இதை எப்படி நடத்துவது' என்று வந்தவர்கள், சில மாதம் கழித்து 'இந்தப் பிள்ளை இங்கே என்ன நினைத்திருப்பாள்' என்று வந்தார்கள். 1/2 + 1/3 = 2/5 என்ற விடை, 8 + 4 = □ + 5 என்ற கணக்கில் பெட்டிக்குள் 12 என்று எழுதுவது, −7 பெரியது −3 சின்னது என்பது, இவை ஒவ்வொன்றும் ஒரு வாரம் எடுத்தன.

பெரிய குழு பழையபடியே இருக்கிறது. கோப்புகளும் வாழ்த்துகளும் வருகின்றன, அதற்கும் ஒரு தேவை இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். வாரம் ஒருமுறை ஒரு வட்டத்தில் கண்டதை, யாருடையது என்று சொல்லாமல், பத்து வரியில் அங்கே போடுகிறோம்.

அந்த மூன்று தசம ஜோடிகளைப் போட்டு ஒரு வருடம் கழித்து, ஒரு பயிற்சிக் கூட்டத்தில் எனக்குத் தெரியாத ஓர் ஆசிரியை வந்து பேசினார். அந்த ஜோடிகளைத் தன் மூன்று வகுப்புகளிலும் கொடுத்துப் பார்த்ததாகச் சொல்லி, விடைகளைக் குறித்து வைத்திருந்த நோட்டைக் காட்டினார். குழுவில் ஒருமுறைகூட எழுதியதில்லை. "படிச்சுக்கிட்டேதான் இருப்பேன், எழுதத்தான் கூச்சம்" என்றார். ஒரு வேலையைக் கற்க வருபவர் முதலில் ஓரத்தில் நின்று பார்ப்பதும் அந்த வேலையில் பங்கெடுப்பதுதான் என்று ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-ல் எழுதினார்கள். 2020-ல் நான் நீக்கிய நாற்பது பேரில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. 2022-ல் வாட்ஸாப் எண்ணிக்கை வரம்பை உயர்த்தியதும், எண்கள் எங்களிடம் இருந்தவரை அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி அழைத்தோம். பதினாறு பேர் திரும்பி வந்தார்கள்.

மறுபடி செய்தால்

யாரையும் மௌனமாக இருந்ததற்காக நீக்கமாட்டேன். இடம் போதவில்லை என்றால் இன்னொரு குழு தொடங்குவேன்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் முதல் நாளிலிருந்தே இருவர் பொறுப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றம். சம்பளமும் கணக்கும் இல்லாத இந்த வேலையை ஒருவர் தலையில் வைப்பது நியாயமும் இல்லை. நானே 2022 கடைசியில் மூன்று வாரம் போனைத் தொடாமல் இருந்தேன், சோர்வுதான் காரணம்.

படியெடுத்துப் பகிரும் விதியைத் தொடக்கத்திலேயே வைப்பேன். ஒரு பிள்ளையின் பெயர் வெளியே போன பிறகு அதைக் கற்றிருக்கக் கூடாது.

முதல் முறையை அட்மின்களில் ஒருவர் எடுப்போம். பணிக்கு வந்து இரண்டு வருடமான ஆசிரியைதான் முதலில் தன் வகுப்பைத் திறந்து காட்டினார். இருபது வருட அனுபவம் உள்ள நான் என் முறைக்கு ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம், அந்த மூத்த ஆசிரியர். பதிவு அழிக்கப்பட்ட பிறகு நாங்கள் ஆசிரியைக்குத்தான் போன் செய்தோம், அவருக்குச் செய்யவில்லை. வட்டங்கள் தொடங்கியபோது ஒரு பொது அழைப்பு போனது, அவர் வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அவர் இல்லாததே வசதி என்றுகூட அப்போது எனக்குத் தோன்றியது. மறுபடி செய்தால் முதலில் அவரிடம் போவேன்.

இதை எழுதி முடித்ததும் அவருக்கு அனுப்பினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. மாலையில் போன் செய்தார். "கண்டிப்புன்னு எழுதியிருக்கீங்க, இருக்கட்டும். ஆனா எனக்கு அன்னைக்கு வந்தது கோபம். இருபத்தஞ்சு வருஷமா என் வகுப்புலயும் 0.45-ன்னுதான் எழுதறாங்க. இடமதிப்பை மறுபடி மறுபடி நடத்தியிருக்கேன். அந்தப் பொண்ணு வெளிப்படையாக் கேட்டதும் எனக்கு எங்கயோ பட்டுது" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 0.5-ம் 0.50-ம் கொடுத்தால் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.